மூச்சை விடக் கற்றல்: மலையக வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தோட்டத்தில் பணிய லயத்திலிருந்து கொழுந்து மடுவத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை ஏறக்குறையச் செங்குத்தானது. புத்தகப் பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு அதில் ஓடி ஏறும் எனக்குப் பாதி வழியிலேயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பதினைந்து கிலோவுக்குக் குறையாத கொழுந்தைத் தலைக்கயிற்றில் தாங்கியபடி பின்னால் வரும் அம்மாவோ, ஒரே சீராக ஏறி மேலே வந்து சேர்ந்ததும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். காலை ஊன்றி உடம்பை மேலே தூக்கும் அந்தக் கணத்தில் அவருடைய மூச்சு பல்லிடுக்கால் மெல்லிய ஒலியோடு வெளியே போகும் என்பதையும், அடுத்த அடி வைப்பதற்குள் உள்மூச்சு தானாக வந்து நிறையும் என்பதையும் நான் கவனித்தது வெகு காலம் கழித்துத்தான்.

மூச்சுப் பயிற்சி என்றதும் பெரும்பாலானோர் சொல்வது "நன்றாக இழுத்து விடு" என்பதாகும். என் அனுபவத்திலும், உடலியங்கியல் சொல்வதன்படியும், இந்த அறிவுரையில் அழுத்தம் தவறான சொல்லின்மேல் விழுகிறது. இழுப்பதை உடம்பு தானே பார்த்துக்கொள்ளும். நாம் கற்கவேண்டியது விடுவதை, அதுவும் மெதுவாக, மூக்கினால், வயிறு தளர விடுவதை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றையே படிப்படியாகச் சொல்கிறது.

பெரிய மூச்சு வேறு, மெதுவான மூச்சு வேறு

உயர்தரப் பரீட்சையின் முதல் நாளன்று மண்டபத்தில் எனக்கு நெஞ்சு படபடத்தது. "ஆழமாக மூச்சு எடு" என்று யாரோ முன்பு சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டு, வேகமாகவும் பெரிதாகவும் ஒரு முப்பது தடவை இழுத்து விட்டேன். அமைதி வரவில்லை. விரல் நுனிகள் சுரீர் என்று குத்தின, உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, வினாத்தாள் மங்கலாகத் தெரிந்தது. ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்கினேன்.

அன்று எனக்கு நேர்ந்ததன் காரணம் எளிமையானது. மூச்சு எடுக்கவேண்டும் என்ற உந்துதலை உடம்பில் உண்டாக்குவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதன்று, காபனீரொட்சைட்டு கூடுவதாகும். மூளைத்தண்டு இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டின் அளவைக் கண்காணித்து மூச்சின் வேகத்தை ஏற்றி இறக்குகிறது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடும்; அப்போது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல்கள் குத்தும். டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904 இல் விளக்கிய இன்னோர் உண்மையும் இதனோடு சேர்கிறது: காபனீரொட்சைட்டு குறையும்போது செங்குருதிக் கலங்கள் தாம் சுமந்துவரும் ஒட்சிசனை இறுகப் பிடித்துக்கொள்கின்றன, இழையங்களுக்கு எளிதில் இறக்கிக் கொடுப்பதில்லை. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் ஒட்சிசன் நிறைவு சாதாரணமாகவே 95 வீதத்துக்கு மேல் இருப்பதால், பெரிய மூச்சுகளால் அதில் கூட்டிக்கொள்ள அதிகம் இல்லை. ஆகவே "ஆழ்ந்த மூச்சால் உடம்பெங்கும் ஒட்சிசன் நிரம்பி வழிகிறது" என்று எங்காவது படித்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அப்படியானால் மெதுவாக விடுவதில் என்ன நன்மை? இதயத் துடிப்பையோ குடலின் அசைவையோ நாம் நேரடியாகக் கட்டளையிட்டு மாற்ற முடியாது. மூச்சு மட்டுமே தானாகவும் ஓடும், நாம் கையில் எடுத்தால் நம் சொல்லுக்கும் அடங்கும். அதன் வழியாக மற்றவற்றையும் ஓரளவு தொடலாம். இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை மெல்ல வைத்து நாடியைப் பிடித்துக்கொள்ளவும். மெதுவாக உள்ளே இழுக்கும்போது துடிப்புகள் சற்று நெருங்கி வருவதையும், நீளமாக விடும்போது அவற்றுக்கிடையே இடைவெளி கூடுவதையும் பெரும்பாலானோர் விரலடியிலேயே உணரலாம். இளையவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூளைத்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் வேளையில் இதயத்துக்குப் போடும் தடையைக் கூட்டுவதே இதற்குக் காரணம். வெளிமூச்சு நீண்டால் அந்தத் தடை விழும் நேரமும் நீள்கிறது.

மெதுவான மூச்சு சிக்கனமானது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சும்மா இருக்கும்போது வளர்ந்தவர் ஒருவர் ஒரு தடவையில் எடுக்கும் காற்று சுமார் 500 மில்லிலீற்றர். அதில் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றை நிரப்புவதோடு நின்றுவிடும். நுரையீரலின் சிற்றறைகளுக்குப் போய்ச் சேராது. பீலித் தண்ணீர் வரும் நீண்ட குழாயை நினைத்துக்கொள்ளலாம். குழாய் நிறைந்த பிறகுதான் குடத்துக்குத் தண்ணீர் வரும். ஒவ்வொரு தடவையும் வடிந்துபோகும் குழாயை அடிக்கடி மூடித் திறந்துகொண்டிருந்தால் குழாயை நிரப்புவதிலேயே பொழுது போய்விடும். நிமிடத்துக்கு 20 தடவை, தடவைக்கு 300 மில்லிலீற்றர் என்று மேலோட்டமாக மூச்சு விடுபவருக்குச் சிற்றறைகளில் சேரும் காற்று 3,000 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 12 தடவை, தடவைக்கு 500 என்று விடுபவருக்கு அதே 6,000 மில்லிலீற்றர் மொத்தக் காற்றில் 4,200 சேர்கிறது.

நாம் இருக்கும் உயரமும் நம்மைச் சுற்றியுள்ள காற்றும்

மூச்சுப் பயிற்சி பற்றிக் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் கடல்மட்டத்தில் இருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதன் 80 வீதம் அளவே. காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் 21 வீதம்தான் என்றாலும், காற்றே ஐதாக இருப்பதால் ஒரு மூச்சில் கிடைப்பது குறைவு. பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பு இதற்குப் பழகியிருக்கும். கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வீடு வரும் பிள்ளைகளுக்கு முதல் ஓரிரு நாள் ஏற்றத்தில் கூடுதலாக இளைப்பது இயல்பானதே. ஆகவே உங்கள் எண்ணிக்கையைக் கண்டியிலோ கொழும்பிலோ இருப்பவரின் எண்ணிக்கையோடு ஒப்பிடத் தேவையில்லை.

உயரத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது புகை. விறகடுப்பு எரியும் சிறிய குசினியில், சன்னல் மூடியிருக்கும் குளிர்காலையில், நிதானமாக மூச்சை உள்ளே இழுத்துப் பயிற்சி செய்வதைவிடச் செய்யாமலிருப்பதே மேல். பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம் கவிந்திருக்கும் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடுவதால், லயத்துப் புகையும் மேலே போகாமல் அங்கேயே தேங்கி நிற்கும். அடுப்பு மூட்டுவதற்கு முன்போ, வெயில் ஏறிப் புகை கலைந்த பின்போ பயிற்சி செய்வது நல்லது. மலையில் மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே செய்யவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முதற் படி: எண்ணுதல்

எதையும் மாற்றுவதற்கு முன் இருப்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். வெளியிலிருந்து ஏறி வந்திருந்தால் பத்து நிமிடம் இளைப்பாறிய பிறகு அமர்ந்து, கைபேசியில் ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு, எத்தனை தடவை மூச்சு உள்ளே வந்து போகிறது என்று எண்ணவும். உள்ளே வந்து வெளியே போவது சேர்ந்து ஒன்று. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக இது 12 முதல் 20 வரை இருக்கும். எண்ணத் தொடங்கியதும் மூச்சு தன் போக்கை மாற்றிக்கொள்ளும் என்பதால், மூன்று தடவை எண்ணி நடுவிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஒருவர் நமக்குத் தெரியாமல் எண்ணினால் அது இன்னும் சரியாக இருக்கும். நாட்காட்டியின் மூலையில் திகதியோடு எழுதி வைத்தால் போதும்.

இரண்டாம் படி: இடம், நேரம், உட்காரும் விதம்

சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கவேண்டும். நிரம்பிய வயிற்றின்மேல், மூச்சை இழுக்கும் தசையான பிரிமென்றகடு இறங்க இடமிருக்காது. இஸ்தோப்பில் உட்காருவதானால் தோளில் கம்பளியைப் போர்த்திக்கொள்ளவும். குளிரில் தோள்கள் காதை நோக்கி ஏறிக்கொள்ளும்; ஏறிய தோள் மூச்சை நெஞ்சிலேயே நிறுத்திவிடும். சப்பணமிட்டு உட்காரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து எடுத்தவருக்கு முழங்காலை மடக்கி உட்காருவது தண்டனை. கதிரையின் நுனியில், பாதம் இரண்டும் தரையில் படும்படி, முதுகை நிமிர்த்தி, இடுப்புப் பட்டியையோ பாவாடைக் கயிற்றையோ சற்றுத் தளர்த்தி உட்கார்ந்தாலே போதுமானது.

மூன்றாம் படி: மூச்சை வயிற்றுக்கு இறக்குதல்

இந்தப் படியில் ஒரு வாரமாவது தங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றப் படிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் தசைதான் பிரிமென்றகடு. அது சுருங்கித் தட்டையாகி இறங்கும்போது நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று வருகிறது. கீழே தள்ளப்பட்ட குடலுக்கு இடம் வேண்டியிருப்பதால் வயிறு முன்னால் உப்புகிறது. வயிற்றுக்குள் காற்றுப் போவதில்லை. தூங்கும் குழந்தையின் வயிற்றைப் பார்த்தால் இது எப்படி நடக்கவேண்டும் என்பது விளங்கும். வளர்ந்த பிறகு இறுக்கமும் கவலையும், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் பழக்கமும் சேர்ந்து, இந்த வேலையைக் கழுத்துத் தசைகளிடமும் தோளிடமும் ஒப்படைத்துவிடுகின்றன. மாலையில் காரணமில்லாமல் கழுத்து வலிப்பவர்களில் சிலருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளவும். 400 கிராம் தேயிலைத் தூள் பக்கற் ஒன்றை எடுத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே வைக்கவும். ஒரு கை நெஞ்சின்மேல் இருக்கட்டும். வாயை மூடி, மூக்கினால் மூச்சு எடுக்கும்போது பக்கற் மேலே எழவேண்டும், நெஞ்சின்மேலுள்ள கை அசையாமலிருக்கவேண்டும். விடும்போது பக்கற் தன் எடையாலேயே கீழே இறங்கும். வயிற்றை எக்கித் தள்ளத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நாள் பக்கற் அசையாமலும், அல்லது இழுக்கும்போது தாழ்ந்து விடும்போது எழுந்து தலைகீழாகவும் நடந்துகொள்ளும். அப்படியானால் இழுப்பதை மறந்துவிட்டு, விடுவதை மட்டும் இரண்டு விநாடி நீட்டவும். காற்று முழுவதும் வெளியேறிய பிறகு ஒரு கணம் காத்திருந்தால், அடுத்த மூச்சு வயிற்றிலிருந்துதான் தொடங்கும். நான் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அளவில், விளங்காமல் திணறியவர்களில் பெரும்பாலானோருக்கு வழி திறந்தது இந்த ஒரு குறிப்பால்தான்.

ஐந்து நிமிடம் போதும். படுத்த நிலையில் பழகிய பிறகு கதிரையிலும், பிறகு நின்றபடியும் செய்யலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சிலருக்கு இந்தப் பயிற்சியால் அது குறைவதுண்டு; உணவுக்குழாய் வயிற்றோடு சேருமிடத்தைச் சுற்றிப் பிடித்திருப்பதும் இதே பிரிமென்றகடுதான்.

மூக்கைப் பற்றி ஒரு சொல். ஜனவரி விடியலில் நுவரெலியாப் பக்கத்துப் புல்லில் உறைபனி படியும் நாட்களில் வாயால் மூச்சு விட்டால் அந்தக் குளிர் நேராகத் தொண்டைக்கு இறங்கும். மூக்கு அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி வடித்து அனுப்புகிறது. மூக்கு அடைத்திருக்கும் நாளில் கட்டாயப்படுத்தவேண்டாம். ஆவி பிடித்து, கொதித்தாறிய உப்பு நீரால் மூக்கைக் கழுவியும் திறக்காவிட்டால், அன்று மூக்கால் முடிந்த அளவு எடுத்து, ஊதுவதுபோல் குவித்த உதடுகளால் மெல்ல விடலாம்.

நான்காம் படி: வெளிமூச்சை நீட்டுதல்

இப்போதுதான் எண்ணிக்கை வருகிறது. மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் எடுத்து, ஆறு எண்ணும்வரை மூக்கால் விடவும். ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்றால், ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தொடக்கத்தில் இது பலருக்கு மூச்சுத் திணறலைத் தரும். அப்போது மூன்றுக்கு நான்கு என்று தொடங்கி, நாட்கணக்கில் மெல்ல ஏற்றவேண்டும். காற்றுப் போதவில்லை என்ற தவிப்பு வந்தால் எண்ணிக்கை உங்களுக்கு நீளம் என்று பொருள், ஒன்றைக் குறைத்துவிடவும்.

நிமிடத்துக்கு ஆறு என்பது எவரோ வசதிக்காகப் பொறுக்கிய எண் அன்று. இரத்த அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கி, இறங்கினால் விரைவாக்கிச் சமப்படுத்தும் ஓர் ஏற்பாடு உடம்பில் இருக்கிறது. அது ஒரு சுற்றுப் போய்வர ஏறத்தாழ பத்து விநாடி எடுக்கிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்று என்று வரும்போது, ஊஞ்சலை அது திரும்பும் கணத்தில் தள்ளுவதுபோல் இரண்டும் ஒத்துப்போய், அந்தச் சமப்படுத்தும் ஏற்பாடு வலுவாக வேலை செய்கிறது. இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்து 2001 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, இலத்தீனில் ஜெபமாலை சொல்லும்போதும் "ஓம் மணி பத்மே ஹூம்" என்று உச்சரிக்கும்போதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற கதிக்கு வந்துவிடுவதைக் காட்டியது. மார்கழி விடியலில் லயம் லயமாகப் பஜனை பாடிப் போகிறவர்களும், மாதா கோயிலில் மாலை உருட்டுகிறவர்களும், பன்சலையில் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி தியானம் பயிலும் அயலவர்களும் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே முற்றத்துக்குத்தான் வருகிறார்கள் போலும். எண்ணுவது சலிப்பாக இருப்பவர்கள் தமக்குப் பழகிய ஒரு வரியை வைத்துக்கொள்ளலாம். வரி வெளிமூச்சில் அமையவேண்டும் என்பது மட்டுமே விதி.

சரியாக விடுகிறோமா என்பதைக் காட்டும் கருவி ஒன்றைக் குளிர்காலம் நமக்குக் காசில்லாமல் கொடுக்கிறது. காலையில் வெளியே நின்று மூச்சு விடும்போது ஆவி தெரியுமல்லவா, அதைப் பார்க்கவும். புஸ்ஸென்று ஒரே உருண்டையாகக் கிளம்பிச் சட்டென்று நின்றால், மூச்சைத் தள்ளிவிடுகிறீர்கள். ஆறு எண்ணும்வரை ஒரே பருமனில் நூல்போல் இறங்கிக்கொண்டிருந்தால் சரி.

ஐந்தாம் படி: ஒலியோடு விடுதல்

வெளிமூச்சை நீட்ட முடியாதவர்களுக்கு இது ஒரு குறுக்குவழி. வாயை மூடி, தேனீ முரல்வதுபோல் "ம்ம்ம்" என்று ஒலித்தபடி மூக்கால் விடவும். யோக மரபில் இதைப் பிரமரி என்பார்கள். ஒலி எழுப்பும்போது மூச்சைச் சட்டென்று கொட்டிவிட முடியாது என்பதால் நீளம் தானாக வந்துவிடும். முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் குழிகளில் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு சுரக்கிறது. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்த வல்லது. முரலும்போது அந்தக் குழிகளிலுள்ள காற்று அசைவதால், மூக்கிலிருந்து வெளிவரும் நைத்திரிக் ஒட்சைட்டு, சும்மா மூச்சு விடும்போது வருவதைப்போல் 15 மடங்கு இருந்ததாகச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2002 இல் அறிவித்தார்கள். தொட்டில் ஆட்டிக்கொண்டு தாலாட்டை வாய்க்குள் முனகும் பாட்டிமார் பிள்ளைக்கு முன்னால் தாமே கண் அயர்ந்துவிடுவதில் எனக்கு இப்போது வியப்பில்லை.

ஆறாம் படி: படபடப்பு வந்த வேளையில்

மேலே சொன்னவை நாள்தோறும் பழகுவதற்கு. பரீட்சை மண்டபம், நேர்முகத் தேர்வு, வீட்டில் மூண்ட சண்டை ஆகிய வேளைகளில் எண்ணிக்கை எல்லாம் மறந்துபோகும். அப்போதைக்கு ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும். மூக்கால் ஒரு மூச்சு எடுத்து, அதை விடாமல் மேலே இன்னொரு சிறு மூச்சை எடுத்து, பிறகு வாயால் முழுவதையும் நீளமாக விட்டுவிடவும். இது பெருமூச்சு அன்றி வேறில்லை. உடம்பே சில நிமிடங்களுக்கு ஒரு தடவை நமக்குத் தெரியாமல் பெருமூச்சு விட்டு, ஒட்டிச் சுருங்கிய சிற்றறைகளைத் திறந்துகொள்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு 5 நிமிடமாக ஒரு மாதம் இப்படிப் பெருமூச்சு விட்டுப் பழகியவர்களின் மனநிலை, அதே நேரம் தியானத்தில் அமர்ந்தவர்களுடையதைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. "பெருமூச்சு விடாதே, வீட்டுக்கு ஆகாது" என்று பிள்ளைகளை அதட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்று தடவை போதும். தொடர்ந்து முப்பது தடவை செய்தால் என் பரீட்சை மண்டபக் கதைதான் உங்களுக்கும் நடக்கும். விரல் குத்தித் தலை சுற்றும்போது கடதாசிப் பையை முகத்தில் கவிழ்த்து மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியத்தைச் செய்யவேண்டாம். அந்த இளைப்பு ஆஸ்துமாவாலோ இதய நோயாலோ வந்ததாக இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

ஏழாம் படி: ஏற்றத்தில்

மலையகத்தில் இருப்பவருக்கு உட்கார்ந்து பழகியதை உடனே நடைக்குக் கொண்டுவர முடியும் என்பது ஒரு கொடுப்பினை. மிதமான ஏற்றத்தில் இரண்டு அடிக்கு உள்மூச்சு, மூன்று அடிக்கு வெளிமூச்சு என்று தொடங்கலாம். சரிவு கூடும்போது அடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். கடும் ஏற்றத்தில் ஓர் அடிக்கு உள், ஓர் அடிக்கு வெளி என்றாலும் தவறில்லை. பாரம் தூக்கும் கணத்தில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கவேண்டும் என்பதே முக்கியம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினால் வயிற்றிலும் நெஞ்சிலும் அழுத்தம் ஏறி இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். மூக்கால் மட்டும் மூச்சு விட முடியாத அளவுக்கு வேகம் கூடிவிட்டால், மூச்சை அடக்க முயலாமல் நடையைக் குறைக்கவும்.

நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இதே கணக்கில் எடுத்துப் பார்க்கலாம். 2,243 மீற்றர் உச்சிக்கு இளவட்டங்கள் ஓடி ஏறி இடையில் உட்கார்ந்துவிட, படிக்கு ஒரு மூச்சாக ஊன்றி ஏறும் கிழவிகள் அவர்களைத் தாண்டிப் போவதை அங்கே ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறோம்.

மூச்சை அடக்குவதும் நாடி மாற்றுவதும்

இடது நாசியால் எடுத்து வலது நாசியால் விடும் நாடிசுத்தியைப் பலர் கேட்கிறார்கள். செய்யலாம், மனத்தை ஓரிடத்தில் நிறுத்த அது உதவும். ஆனால் அதன் பலனில் பெரும்பங்கு, ஒரு நாசியால் விடும்போது மூச்சு கட்டாயமாக மெதுவாவதிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். பழைய யோக முறையில் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை என்று சொல்லப்படும் கணக்கைத் தொடக்கக்காரர் தொடவே கூடாது. 64 எண்ணும்வரை மூச்சை அடக்குவது ஆசானின் கண் முன்னால் ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கானது. ஓடையிலோ குளத்திலோ இறங்கி நின்று மூச்சடக்கிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

யார் கவனமாக இருக்கவேண்டும்

ஆஸ்துமா உள்ளவர்கள், வைத்தியர் தந்த இன்ஹேலரோடு சேர்த்து மூன்றாம், நான்காம் படிகளைப் பழகினால் அன்றாட அவதி குறையக்கூடும். ஆனால் மூச்சுக் குழாய்களின் அழற்சியைப் பயிற்சி மாற்றாது, இன்ஹேலரை நிறுத்தவும் கூடாது. நீண்ட காலம் புகையடுப்பிலும் பீடி சுருட்டிலும் கழித்து நாட்பட்ட இளைப்பு வந்தவர்களுக்குக் குவித்த உதடுகளால் விடும் முறையே பொருத்தம். காற்று வெளியேறும் வழி சீக்கிரம் ஒடுங்கிவிடாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு, வாரக்கணக்கில் தொடர்ந்து செய்யும்போது அளவு சில புள்ளிகள் இறங்கக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. கிளினிக்கில் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்திக்கொள்ள அது போதாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோயுள்ளவர்களும் வேகமான மூச்சையும் மூச்சடக்குவதையும் தவிர்த்து, மெதுவான மூச்சை மட்டும் பழகலாம்.

சிலருக்கு மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதுமே பயம் கூடும். பழைய துயரம் மேலெழும். அது அவர்களின் பலவீனம் அன்று. அவர்கள் கண்ணைத் திறந்து, தூரத்து மலையையோ கையிலுள்ள தேநீர்க் கோப்பையின் சூட்டையோ கவனத்தில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் படியை மட்டும் செய்யலாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திராமல் வைத்தியசாலையை நாடவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்குப் பரவும் வலி, உதடு நீலம் பாய்தல், ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாத இளைப்பு ஆகியவை கண்டால் பயிற்சி, எண்ணிக்கை எதுவும் வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவேண்டும். தோட்டப் பாதை நீளமானது என்பதால், அழைத்த கையோடு நோயாளியைப் பிரதான வீதிக்குக் கிட்டக் கொண்டுவரலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான்கு வாரக் கணக்கு

முதல் வாரம் முழுவதும் தேயிலைத் தூள் பக்கற்றோடு ஐந்து நிமிடம். இரண்டாம் வாரம் கதிரையில் அமர்ந்து, உங்களுக்குத் தாங்கும் எண்ணிக்கையில் ஐந்து நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து நான்குக்கு ஆறு, காலையில் ஐந்து நிமிடமும் படுக்கும்போது ஐந்து நிமிடமுமாக. இரவில் எண்ணிக்கை முடியுமுன் தூங்கிப்போனால் அதுவும் கணக்கில் சேரும். நான்காம் வாரம் இதையே ஏற்றத்திலும் பாரத்திலும் கொண்டுவந்து பார்க்கவும். ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் பத்து நிமிடம் செய்து ஈடுகட்டவேண்டியதில்லை. விடியப் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு, வேலை முடிந்து கை கால் கழுவிய பின் கிடைக்கும் ஐந்து நிமிடமே உகந்தது.

நான்காம் வாரத்தின் கடைசி நாளில், முதல் நாள் எண்ணிய அதே இடத்தில், அதே நேரத்தில், பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு மறுபடி ஒரு நிமிடம் எண்ணவும். நாட்காட்டியில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதவும். ஒன்றிரண்டு குறைந்திருந்தால் பழக்கம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. குறையாவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்பி, பக்கற் இப்போது எழுகிறதா என்று பார்க்கவும்.